தொங்கல் ஷாட்

கத்திரிக்குப் பல்லியைப் பிடிக்காது. சுவரில் ஓடும் பல்லியைச் சொல்லவில்லை. அது பாவம், அது பாட்டுக்கு டியூப் லைட்டுக்குப் பின்னால் பூச்சி பிடித்துக்கொண்டு கிடக்கிறது. இது ஆள் பல்லி. செங்குத்தான பாறையில் விரல் நுனியையும் கால் கட்டைவிரலையும் வைத்தே ஏறிவிடுகிறவன் என்பதால் அந்தப் பெயர். அப்பா அம்மா வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

கத்திரி என்பதும் பட்டப்பெயர்தான். ஆள் ஆவணப்பட எடிட்டர். வெட்டுவது ஒட்டுவதெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது; அவன் கையில் கத்திரிக்கோலைப் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனாலும் நண்பர்கள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஐந்து மாதமாக அவன் வெட்டிக்கொண்டிருப்பது பல்லியைப் பற்றிய படம்.

இதுவரை யாரும் ஏறாத ஒரு பாறைச் சுவர். நூற்றிருபது மீட்டர் உயரம். முக்கால்வாசி தூரத்தில் பாறை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அந்த இடத்துக்கு மூக்கு என்று பெயர். பல்லி இரண்டு வருஷம் அந்த மூக்கோடு மல்லுக்கட்டினான். நாற்பத்தேழு தடவை பிடி நழுவிக் கயிற்றில் ஊஞ்சலாடினான். நாற்பத்தெட்டாவது தடவை ஏறிவிட்டான். காலை ஒன்பது மணிக்கு எடிட்டிங் அறைக்குள் நுழைந்தால் சாயங்காலம் ஆறு மணிவரை கத்திரியின் கண்ணெதிரே அவன்தான். பல்லியின் முதுகு, பல்லியின் கழுத்து நரம்பு, பிடி வழுக்காமல் இருக்கப் பூசும் வெள்ளைப் பொடி அப்பிய பல்லியின் விரல்கள். தன் காலில் எத்தனை மச்சம் என்று கத்திரிக்குத் தெரியாது. பல்லியின் காலில் மூன்று.

வேலைதானே, இதில் வயிறு எரிய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். கேட்கிறவர்களுக்கு விஷயம் தெரியாது. அந்தப் படத்துக்குக் கேமரா பிடித்தது கத்திரியின் மனைவி.

மலையேறும் படம் எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஏறுகிறவன் கீழேயிருந்து வருவான். கேமரா பிடிக்கிறவர் அவனுக்கு முன்னாலேயே உச்சிக்குப் போய், அங்கே கட்டிய தனிக் கயிற்றில் இறங்கி, அவன் பக்கத்தில் அந்தரத்தில் தொங்க வேண்டும். உச்சியில் நின்று எட்டிப் பார்த்தால் மூக்குக்குக் கீழே நடப்பது ஒன்றும் தெரியாது. ஆகவே தொங்கித்தான் தீர வேண்டும். விடிந்ததும் கத்திரியின் மச்சான், அதாவது அவளுடைய அண்ணன், மலையின் பின்பக்கமாக நடந்து உச்சிக்குப் போய்க் கயிறு கட்டுவார். அவள் அதில் இறங்கி, இடுப்புப் பட்டையில் உட்கார்ந்தபடி, கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருப்பாள். கையை நீட்டினால் பல்லியைத் தொட்டுவிடலாம். அந்தத் தூரம்தான் கத்திரியை உறுத்தியது.

கூடவே போயிருக்கலாமே என்றால், முடியாது. ஸ்டூலில் ஏறினாலே அவனுக்குத் தலை சுற்றும். வீட்டில் பல்பு மாற்றுவது அவள்தான். "அவ மேல தொங்கி எடுக்கறா, இவன் கீழ உக்காந்து வெட்டறான். பொருத்தம்னா இதான்யா பொருத்தம்" என்று நண்பர்கள் சொன்னால் கத்திரியும் சேர்ந்து சிரிப்பான். பல்லி வரும்வரை அந்தச் சிரிப்பு நிஜமாகத்தான் இருந்தது.

மூச்சு விஷயம் பிடிபட்டது மூன்றாவது மாதத்தில். கேமராவிலேயே ஒரு மைக் உண்டு. காற்று, பாறையில் ஷூ உரசுவது, பல்லியின் முனகல் எல்லாம் அதில் விழும். கேமராவுக்குப் பின்னால் இருப்பவளின் மூச்சும் விழும். ஒருநாள் கத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு ஷாட்டை ஓடவிட்டான். அவள் மூச்சு சீராக வந்து போய்க்கொண்டிருந்தது. பல்லி மூக்குக்கு அடியில் வந்து சேர்ந்து கையை நீட்டினான். மூச்சு நின்றது. கத்திரி எண்ணினான். பதினொரு நொடி. பல்லி விழுந்தான், மூச்சு வந்தது. அடுத்ததைப் போட்டான். பன்னிரண்டு நொடி. சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டு நாற்பத்தெட்டையும் போட்டுக் கேட்டான். ஒரு தடவைகூட அந்த இடத்தில் அவள் மூச்சு விடவில்லை.

கேமரா ஆடாமல் இருக்க மூச்சைப் பிடிப்பது உண்டு, அது கத்திரிக்குத் தெரியாதா என்ன. அதற்கு மூன்று நொடி போதும், நான்கு போதும். பன்னிரண்டு நொடி எதற்கு? சந்தேகம் வந்தவனுக்கு வேறு வேலை ஓடுமா? வீட்டில் கிடந்த பழைய ஹார்ட் டிஸ்க்கை எல்லாம் தோண்டி எடுத்தான். மகளின் பள்ளி ஓட்டப் பந்தயத்தை அவள் எடுத்திருந்தாள். "ஓடு ஓடு" என்று தாராளமாக மூச்சு விட்டுக் கத்தியிருந்தாள். நான்கு வருஷத்துக்கு முன் கத்திரிக்கு ஒரு விருது கொடுத்தார்கள். மேடையில் அவன் மூன்று நிமிஷம் பேசியதையும் அவள்தான் எடுத்தாள். அதையும் ஹெட்போனில் கேட்டான். மூன்று நிமிஷத்தில் இரண்டு கொட்டாவி.

அன்றிலிருந்து அவன் நிலைகொள்ளவில்லை. ஆறு வயது மகள் "பல்லி மாமா எப்ப வருவார்?" என்று கேட்டபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மாமா என்றால் அம்மாவுக்கு அண்ணன் தம்பி முறை. முறை சரியாகத்தான் இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டான். பல்லியும் அவளை "அக்கா" என்றும் இவனை "அண்ணா" என்றும்தான் கூப்பிடுவான். அக்காவின் புருஷன் எப்படி அண்ணன் ஆவான் என்று யோசித்தபோது ஆறுதல் பாதியாகக் குறைந்தது.

மச்சானின் வாயைக் கிளறிப் பார்த்தான். மச்சான் கயிறுகளை ஸ்டுடியோ மொட்டைமாடியில் காயப்போட வந்திருந்தார்.

"மலைல எல்லாம் நல்லாப் போச்சா மச்சான்?"

"போச்சு மாப்ளே."

"அவ... ரொம்ப நேரம் தொங்க வேண்டியிருந்துச்சோ?"

"தொங்கினாத்தானே படம்."

"அவங்க ரெண்டு பேரும் நல்லாப் பேசிப்பாங்களா? சும்மாதான் கேட்டேன்."

மச்சான் கயிற்றிலிருந்து நிமிர்ந்து அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நான் மேல இருப்பேன். எனக்கு ஒண்ணும் கேக்காது" என்று சொல்லிவிட்டு அடுத்த கயிற்றை உதறினார். இதற்குமேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை பெயராது என்று கத்திரிக்குத் தெரியும்.

இப்போது அவன் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். சொல்லவே கூசுகிறது. அவள் எடுத்ததில் க்ளோஸ்-அப் ஷாட்டுகள் இருந்தன. சாதாரண க்ளோஸ்-அப் இல்லை. பல்லியின் நடுவிரல் நகம் பாறை வெடிப்பில் இறங்கும் அந்தக் கணம், இமையில் ஒட்டிய பொடி, வலியில் உதடு கோணுவது. அந்தரத்தில் தொங்கிக்கொண்டு இப்படி எடுக்க அவளைத் தவிர ஆள் கிடையாது. கத்திரி ஒவ்வொன்றையும் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தான். ஒரு மனுஷன் முகத்தை இவ்வளவு ஆசையாகப் பார்க்க முடியுமா? எல்லாவற்றையும் எடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டு, அதற்கு "பழுது" என்று பெயர் வைத்தான். படத்தில் தூரத்து ஷாட்டுகளை மட்டும் விட்டான். பல்லி பாறையில் ஒரு புள்ளியாக ஊர்ந்துகொண்டிருந்தான். இருக்கட்டும், இவனுக்கு இது போதும் என்று கத்திரி நினைத்தான்.

திங்கட்கிழமை தயாரிப்பாளர் வந்து பார்த்தார். ஐம்பது வயது, பட்டுப் பட்டென்று பேசும் அம்மாள். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

"என்ன கத்திரி இது? ஹீரோ முகத்தையே காணோம். எறும்பைப் பத்தியா படம் எடுத்தோம்?"

"க்ளோஸ்-அப் எதுவும் சரியா வரல மேடம்" என்றான் கத்திரி. நாக்கு தானாகப் பேசியது. "ஃபோகஸ் போயிடுச்சு."

"எல்லாமேவா?"

"அநேகமா எல்லாமே."

தயாரிப்பாளர் நாற்காலியை அவன் பக்கமாக நகர்த்திக்கொண்டார். "உங்க மனைவிங்கறதால நீங்க சொல்லத் தயங்கறது புரியுது. மத்தவங்களா இருந்தா முதல் மாசமே சொல்லியிருப்பீங்க" என்றார். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டார். "வேற கேமராமேனை வச்சு அந்த மூக்குப் பகுதியை மறுபடி எடுத்துக்கலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு பண்றேன். டைட்டில்ல யார் பேரைப் போடறதுங்கறதும் பார்க்கணும்."

அவர் போன பிறகு கத்திரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பல்லியைத் தட்டப் போய் அடி அவள் தலையில் விழுந்துவிட்டது. ஐந்து வருஷமாக அவள் கயிற்றில் தொங்கிச் சம்பாதித்த பெயர். உடனே ஓடிப் போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். மனுஷ புத்தி அப்படியா வேலை செய்கிறது? தான் செய்தது நியாயம்தான் என்று காட்ட ஓர் அத்தாட்சி கிடைக்காதா என்று தேட ஆரம்பித்தான். அவர்களுக்குள் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் போதும், பிறகு இந்தக் குற்ற உணர்ச்சி வேண்டியதில்லை. ஐயோ, எப்படியாவது அது இருந்து தொலைக்கட்டுமே என்றுகூட நினைத்தான்.

தேடிய இடம் தொங்கல் ஷாட்டுகள். அது எடிட்டர்கள் வைத்த பெயர். கயிற்றில் தொங்குகிறவர்கள் ஷாட் முடிந்ததும் பட்டனை அழுத்திவிட்டுக் கேமராவை இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொள்வார்கள். சில சமயம் விரல் மரத்துப்போய்ப் பட்டன் சரியாக அமுங்காது. கேமரா நின்றுவிட்டதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருக்க, அது தலைகீழாகத் தொங்கியபடி ஓடிக்கொண்டே இருக்கும். முழங்கால், பாறை, ஒரு துண்டு வானம், மறுபடி முழங்கால். யாரும் பார்க்க மாட்டார்கள். கத்திரியும் இத்தனை வருஷத்தில் ஒரு தொங்கல் ஷாட்டைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. இந்தப் படத்தில் ஒன்பது இருந்தன. புதன்கிழமை மத்தியானம் ஏழாவதில் பேச்சுக் குரல் கேட்டது.

இருவரும் மூக்குக்கு அடியில் ஒரு குறுகலான திட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். திரையில் அவளுடைய ஒரு கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"உடும்பு, தண்ணி இருக்கா?" என்றது பல்லியின் குரல்.

கத்திரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடும்பா? அக்கா எங்கே போனாள்? கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவளுக்கு இப்படி ஒரு பெயர் உண்டு என்று அவனுக்குத் தெரியாது. அத்தாட்சி கிடைத்துவிட்டது என்று வால்யூமைக் கூட்டினான்.

"இந்தா. கொஞ்சமா குடி" என்றாள் அவள்.

தண்ணீர் குடிக்கும் சத்தம். பிறகு பல்லி கேட்டான். "என்ன உம்முனு இருக்கே? நான் இன்னிக்கும் விழுந்துட்டேன்னா?"

"நீ விழுந்ததுல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல."

"அடிப்பாவி."

"நிஜமா சொல்றேன். நேத்து நீ கை நீட்டறப்போ, இவன் விழுந்து தொலைக்கட்டும்னு நினைச்சேன். கயிறு இருக்குல்ல, செத்துடவா போறே?" அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. "இந்த வழி நான் பார்த்து வச்சதுடா. ஒன்பது வருஷம் முன்னாடி. அந்த மூக்குல எந்த விரலை எங்க வைக்கணும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். நீ வந்து தப்புத் தப்பா வைக்கறே, நான் பக்கத்துல தொங்கி அதைப் படம் எடுக்கறேன். வயித்தெரிச்சலா இருக்கு. உன் மேல எனக்கு எவ்வளவு பொறாமைன்னு உனக்குத் தெரியாது."

காற்று வீசியது. கேமரா மெல்லச் சுற்றியது.

"நீ ஏறேன். நான் கயிறு புடிக்கறேன்" என்றான் பல்லி.

"வேண்டாம்."

"அண்ணா விட மாட்டாரா? கேட்டுப் பாரேன்."

"கேட்டா சரின்னுதான் சொல்லுவான். சொல்லிட்டு நான் திரும்பி வர்ற வரைக்கும் சோறு தண்ணி இல்லாம உக்காந்திருப்பான். அதுக்கு வேண்டாம்னே சொல்லலாம். சண்டையாவது போடலாம்."

அதன் பிறகு மச்சான் மேலேயிருந்து ஏதோ கத்தினார். கால் மறைந்தது. பதினைந்து நிமிஷம் வெறும் பாறை.

முதலில் கத்திரியின் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. காதலும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை. அந்தப் பன்னிரண்டு நொடியும் அவள் பல்லியைப் பார்த்து மயங்கவில்லை. உள்ளுக்குள்ளே தானே ஏறிக்கொண்டிருந்திருக்கிறாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் தன்னந்தனியாக அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தான். அந்தச் சிரிப்பு ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

அவளும் ஒரு காலத்தில் பாறை ஏறுகிறவள்தான். மகளுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது அவள் மறுபடி மலைக்குப் போக மூட்டை கட்டினாள். கத்திரி போகாதே என்று சொல்லவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் மடியில் வைத்தான். வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றான். அவள் அவனைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், மூட்டையைப் பிரித்தாள். அடுத்த மாதத்திலிருந்து ஏறுவதை விட்டுவிட்டு மற்றவர்கள் ஏறுவதைப் படம் எடுக்க ஆரம்பித்தாள். உச்சியில் கட்டிய கயிற்றில் தொங்குவதில் அவ்வளவு ஆபத்து இல்லை என்று அவளே சொன்னாள். தான் தடுக்கவே இல்லை என்று கத்திரி நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். தடுக்காமல் தடுத்தவன் என்று இன்றைக்குத்தான் உறைத்தது. அதுவும் அவள் இவனிடம் சொல்லவில்லை. பல்லியிடம் சொல்லியிருக்கிறாள். ஆறிய இடத்தில் மறுபடி எரிந்தது.

கதவு படாரென்று திறந்தது. அவள்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். தயாரிப்பாளர் போன் செய்திருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"எந்த ஷாட்ல ஃபோகஸ் இல்ல? போட்டுக் காட்டு."

கத்திரி மவுஸைத் தேடினான்.

"நாற்பத்தெட்டு தடவை தொங்கியிருக்கேன். எது போச்சு, எது நல்லாருக்குன்னு அங்கேயே எனக்குத் தெரியும். போடு."

மழுப்ப அவனிடம் சரக்கு இல்லை. "பழுது" ஃபோல்டரைத் திறந்தான். நகம் வெடிப்பில் இறங்கியது. இமையில் பொடி. துல்லியம் என்றால் அப்படி ஒரு துல்லியம். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் முகம் மாறுவதைக் கத்திரி பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதெல்லாம் எதுக்கு ஒளிச்சு வச்சே?"

"பொறாமை."

"என்னது?"

"பல்லி மேல. நீ அவனை அப்படிப் பார்த்து எடுத்திருந்தே. தாங்க முடியல. தப்புதான். அசிங்கமான தப்பு." நிறுத்தினால் மறுபடி தைரியம் வராது என்று மூச்சு விடாமல் தொடர்ந்தான். "இன்னொண்ணும் இருக்கு. தொங்கல் ஷாட் ஒண்ணுல நீங்க பேசினது பதிவாகியிருந்துச்சு. முழுசாக் கேட்டேன்."

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எதைக் கேட்டான், எதுவரை கேட்டான் என்று அவள் விசாரிக்கவில்லை. "மேடத்துக்குப் போன் பண்ணு. என் முன்னாடி பண்ணு. ஸ்பீக்கர்ல போடு" என்றாள்.

பண்ணினான். ஃபோகஸ் எல்லாம் சரியாக இருக்கிறது, தான்தான் பொய் சொன்னேன், அவள் மேல் ஒரு குறையும் இல்லை என்று சொன்னான். ஏன் என்று தயாரிப்பாளர் கேட்டார். சொந்த விஷயம் என்றான். அறிவிருக்கிறதா, சின்னப் பிள்ளையா நீ, உன்னை நம்பி ஒரு பொம்பளை பேரைக் கெடுக்கப் பார்த்தேனே என்று அந்த அம்மாள் பிடித்த பிடியில் கத்திரிக்குக் காது மடல் சிவந்துவிட்டது. கடைசியில் "வெள்ளிக்கிழமை எல்லா க்ளோஸ்-அப்பும் படத்துல இருக்கணும். மறுபடி எடுக்கறது கிடையாது" என்று சொல்லி வைத்துவிட்டார்.

 கத்திரிக்கு மனசு லேசாகிவிட்டது. லேசான மனசில் பெருந்தன்மை பொங்கியது. இந்த மாதிரி நேரத்தில் ஆண்பிள்ளைகளுக்கு அது பொங்கும்.

"நீ ஏறு" என்றான். "அந்த வழியை நீ ஏறு. நல்ல மனசோடதான் சொல்றேன். சோறு தண்ணி எல்லாம் ஒழுங்காச் சாப்பிடறேன். வேணும்னா நானே கீழ வந்து நின்னு பார்க்கறேன்."

அவள் மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"ஏறிட்டேன்" என்றாள்.

"எப்போ?"

"போன மாசம். மிச்ச ஷாட் எடுக்கப் போனப்போ, கேம்ப் பிரிக்கறதுக்கு முந்தின வாரம். ரெண்டு தடவை விழுந்தேன். மூணாவது தடவை மேல போயிட்டேன்."

 கத்திரியின் வாயில் வந்தது எடிட்டரின் கேள்விதான். "எந்தக் கேமராவுல எடுத்தீங்க? எனக்கு எதுவும் வரலையே."

"எடுக்கல."

"மச்சான் போன்லகூடவா எடுக்கல?"

"அண்ணன் உச்சியில இருந்தான். அங்கேருந்து அவனுக்கு என்ன தெரியும்?"

"கேமராதான் கையிலேயே இருந்துச்சே. யார் கிட்டயாவது குடுத்து ஒரு ஷாட்டாவது..."

"எடுத்தா உன் கிட்டதானே வரும்?" அவள் குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "நான் எடுக்கற ஒவ்வொண்ணும் உன் கிட்டதான் வருது. நீ பார்ப்பே. பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம உக்காந்திருப்பே. அதுக்காகத்தான் கேமராவை டென்ட்லயே வச்சிட்டுப் போனேன்."

பாப்பாவை அழைத்து வர நேரமாகிவிட்டது என்று எழுந்தாள். கதவருகே நின்று, "அந்த உதடு கோணுற ஷாட்டைக் கண்டிப்பா வை. அதுக்காக நாலு நாள் தொங்கினேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கத்திரி உட்கார்ந்திருந்தான். ஐந்து மாதமாக அவளுடைய கண் போன இடமெல்லாம் கூடவே போனவன் அவன். அவள் எடுத்த எறும்பை, புல்லை, மேகத்தை எல்லாம் பார்த்தவன். அவள் வாழ்க்கையிலேயே அவள் அதிகம் ஆசைப்பட்ட காரியம் நடந்திருக்கிறது. அதில் ஒரு ஃபிரேம்கூட அவனிடம் இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் இல்லை, கார்டில் இல்லை, உலகத்தில் எங்கேயும் இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்ற ஒருத்தனின் கண்ணில் மட்டும் இருக்கிறது. இதுவரை பட்ட பொறாமையெல்லாம் பொறாமையே இல்லை என்று அப்போது தெரிந்தது.

போனை எடுத்தான், வைத்தான், மறுபடி எடுத்தான். ஐந்து மாதத்தில் அந்த எண்ணுக்கு அவனாக அழைத்ததே இல்லை.

"சொல்லுங்கண்ணா" என்றான் பல்லி.

"தம்பி, அவ சொன்னா. ஏறினதை."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "அப்பாடா. சொல்லிட்டாங்களா? மூச்சு விடக் கூடாதுன்னு என் கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாங்கண்ணா. யார் கிட்டயும் சொல்ல முடியாம ஒரு மாசமா மண்டை வெடிச்சுப் போச்சு."

கத்திரி கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டான். கேட்பதற்கு மானம் போனது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"எப்படி ஏறினா?"

பல்லி சொல்ல ஆரம்பித்தான். மூக்குக்கு அடியில் வலது காலை எங்கே வைத்தாள் என்றான். இல்லை, அதற்கு முன்னால் இடது கை என்றான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். வார்த்தை வரவில்லை. தன்னுடைய நாற்பத்தெட்டும் ஒன்றுமில்லை என்றான், அப்படி ஓர் ஏற்றத்தைத் தான் ஆயுசில் கண்டதில்லை என்றான். கடைசியில் தோற்றுப்போனவனாகச் சிரித்தான்.

"எனக்குச் சொல்லத் தெரியலண்ணா. நீங்க பார்த்திருக்கணும்."